தண்ணீரில் சுருங்காத மூன்று விரல்கள்

அப்பா ஆற்றால் வந்து சேரும்போது இரவு எட்டு மணி தாண்டிவிட்டது. எங்கள் படுவான்கரைப் பக்கத்தில் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம். மட்டக்களப்பு வாவி என்பது பள்ளிக்கூடப் புத்தகத்துப் பெயர். மூன்று மணித்தியாலம் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசியிருக்கிறார். குசினி வாசற்படியில் குந்தி, இறால் பையை அம்மாவிடம் நீட்டும்போது அது கை நழுவிக் கீழே விழுந்தது. இடது கை. மூன்று கிழமைக்கு முன் மணிக்கட்டில் வெட்டுப்பட்ட கை.

“நோகுதா அப்பா?”

“நோகல்ல புள்ள. பிடிச்சிருக்கிறனா இல்லையா எண்டுதான் தெரியுதில்ல.”

காயத்தைப் பார்க்கலாம் என்று கையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். காயம் நன்றாகவே ஆறியிருந்தது. என் கண் போய் நின்றது விரல் நுனிகளில். சுண்டுவிரல் தண்ணீரில் ஊறி, வெளுத்து, வரிவரியாகச் சுருங்கியிருந்தது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் தண்ணீரே படாதவை போல வழுவழுவென்று இருந்தன. மோதிரவிரல்தான் என்னைத் திடுக்கிட வைத்தது. அதன் சுண்டுவிரல் பக்கத்துப் பாதி சுருங்கியிருந்தது, நடுவிரல் பக்கத்துப் பாதி சுருங்கவில்லை. யாரோ அடிமட்டம் வைத்துக் கோடு கீறியது போல நடுவில் ஓர் எல்லை.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். அந்தக் கோடு என்ன என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உள்ளங்கைப் பக்கத்தில் மூன்றரை விரலுக்குப் போகும் நரம்பு ஒன்று மணிக்கட்டின் நடுவால் போகிறது. மீடியன் நரம்பு என்பார்கள். மிச்ச ஒன்றரை விரலுக்கு அல்னார் நரம்பு. மோதிரவிரலின் நடுவில்தான் இரண்டுக்கும் எல்லை. அப்பாவின் விரலில் நான் பார்த்தது அந்த எல்லையைத்தான். மூன்று கிழமையாக அந்த நரம்பு அறுந்து கிடந்திருக்கிறது. ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

தைப்பொங்கல் முடிந்து இரண்டு நாளில் நடந்தது. இளநீர் வெட்டும்போது கத்தி வழுக்கி இடது மணிக்கட்டில் விழுந்தது. இரத்தம் நிறையப் போகவில்லை. பக்கத்தில் ஓர் இடத்துக்குக் கொண்டு போனார்கள். கழுவி, நான்கு தையல் போட்டு, ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். விரல் மரத்துப் போயிருக்கிறது என்று அப்பா சொல்லியிருக்கிறார். “தச்ச இடம் அப்பிடித்தான் இரிக்கும், போகப் போகச் சரியாகும்” என்று பதில் வந்திருக்கிறது. ஒரு பஞ்சுத் துண்டால் விரல் நுனியைத் தொட்டுக் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். இந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. வயல், வாவி, கடல் என்று கையால் பிழைக்கிற மனிதர்கள் நாங்கள். கத்தியோ கண்ணாடியோ மணிக்கட்டிலோ உள்ளங்கையிலோ பட்டால், தையல் போடமுன் ஒவ்வொரு விரல் நுனியையும் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பெருவிரலால் சுண்டுவிரலின் அடியைத் தொடச் சொல்லிப் பாருங்கள். முடியவில்லை என்றால் அது தோலோடு நின்ற காயமில்லை.

விரல் ஏன் சுருங்குகிறது என்பதை நானே வகுப்பில் பிழையாகச் சொல்லியிருக்கிறேன். தோல் தண்ணீரை உறிஞ்சி ஊதிப் போகிறது, இடம் போதாமல் மடிகிறது என்று. அது உண்மையென்றால் நரம்பு அறுந்த விரலும் சுருங்க வேண்டும். அது சுருங்குவதில்லை என்பதை 1936 இலேயே இங்கிலாந்தில் லூயிஸ், பிக்கரிங் என்ற இரு மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். 1973 இல் ஓரியன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இதையே ஒரு சோதனையாக்கினார்: 40 பாகைச் சூட்டுத் தண்ணீரில் 30 நிமிடம் கையை வைத்தால், சுருங்காத விரலின் நரம்பு வேலை செய்யவில்லை. காரணத்தைச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2003 இல் தெளிவாக்கினார்கள். தண்ணீர் வியர்வைத் துவாரங்களால் உள்ளே போகிறது. நாம் நினைக்காமலே உடம்பை நடத்தும் நரம்புகளில் ஒரு வகையான பரிவு நரம்புகள் தூண்டப்படுகின்றன. அவை விரல் நுனியின் சின்னஞ்சிறு இரத்தக் குழாய்களின் சுவரிலுள்ள, நம் விருப்பத்தைக் கேளாமல் தானாக இயங்கும் மழமழப்பான தசையை இறுக்குகின்றன. குழாய் ஒடுங்கியதும் விரல் நுனியின் சதை வற்றி உள்வாங்குகிறது. மேலிருக்கும் தோல் கீழே இழுபட்டு மடிகிறது. இறுகச் சொல்ல நரம்பு இல்லாத குழாய் சும்மா திறந்தபடி கிடக்கும், தோலும் மடியாது. அப்பாவின் மூன்று விரல்களில் நடந்தது அதுதான்.

அடுத்த நாள் விடியவே மண்முனைப் பாலத்தைத் தாண்டிப் போனோம். அங்கே எங்களுக்குக் கிடைத்த சத்திரசிகிச்சை நிபுணர் பொறுமையான மனிதர். மோதிரவிரலில் நான் பார்த்த கோட்டைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை; ஒரு தாச்சியில் சுடுதண்ணீர் கொண்டுவரச் சொல்லி, தானும் பார்த்தார். பிறகு கடதாசியில் ஒரு வட்டம் கீறி, அதற்குள் சின்ன வட்டங்கள் கீறி, அந்தச் சின்ன வட்டங்களுக்குள் புள்ளிகள் வைத்தார்.

“டீச்சர், நான் தைக்கப் போறது நரம்பு நாரை இல்ல. அது தைக்கிற சாமானும் இல்ல. அதைச் சுத்தியிருக்கிற உறையைத்தான் தைப்பன். மிச்சத்தை ஐயாட உடம்புதான் செய்யோணும்.”

இந்த ஒரு வசனம்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. பன்னிரண்டு வருடமாக நான் கரும்பலகையில் நரம்பை ஒரு வயர் மாதிரிக் கீறி வந்திருக்கிறேன். வயர் அறுந்தால் முறுக்கி ஒட்டலாம். நரம்பு அப்படியில்லை. மணிக்கட்டில் மீடியன் நரம்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், தெரிவதில் பெரும் பங்கு நரம்பே இல்லை, தொடுப்பிழையம். ஒவ்வொரு நாரையும் சுற்றி மெல்லிய ஓர் உறை, நார்களைக் கட்டாகச் சேர்த்து இறுக்கமான இன்னோர் உறை, கட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து வெளியே தடித்த மூன்றாவது உறை. கொலாஜன் நார்கள், அவற்றைச் சுரக்கும் நாரரும்பர்க் கலங்கள், நரம்புக்கே சோறு போடும் இரத்தக் குழாய்கள் என எல்லாம் அதற்குள். வகுப்பில் இதை நான் ‘பொதி’ என்று ஒரு சொல்லில் கடந்து போயிருக்கிறேன். தொடுப்பிழையம் என்றாலே இடம் நிரப்புகிற, தாங்குகிற இழையம் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்வோம். நரம்பு வளர்வதா இல்லையா என்பதில் அதற்கும் வாக்கு உண்டு என்று எந்தப் பாடக்குறிப்பிலும் எழுதியதில்லை.

மாசி மாதத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. நான்கு கிழமை பிந்திவிட்டதால் அறுந்த இரண்டு முனையும் விலகிச் சுருண்டு, நுனியில் தழும்பு பிடித்திருந்ததாம். நுணுக்குக்காட்டியின் கீழே வைத்து, தழும்பை நல்ல நரம்பு தெரியும்வரை சீவி, தலைமயிரை விட மெல்லிய நூலால் வெளியுறையைச் சேர்த்துத் தைத்தார்கள். தையல் இழுபடாமல் இருக்க, மணிக்கட்டை உள்ளே மடித்தபடி மூன்று கிழமைக்குக் கட்டு. அந்த மூன்று கிழமையும் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் எண்ணெய் கொண்டுவந்தார்கள். பெரியம்மா வேப்பெண்ணெய், பக்கத்து வீட்டு மாமி ஏதோ ஓர் நரம்புத் தைலம். அவர்கள் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. காயம் ஆறி, பிசியோதெரபி ஆள் சொன்ன பிறகு நாங்களும் எண்ணெய் பூசித் தழும்பை நீவினோம். ஆனால் புதுத் தையலை உருவினால் உறை பிரியும். அம்மா வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லித் திருப்பி அனுப்பினா. அது சத்திரசிகிச்சையை விடக் கஷ்டமான வேலை.

உறையைத் தைத்த பிறகு உள்ளே என்ன நடக்கிறது?

முதலில், வெட்டுக்குக் கீழே விரல் பக்கத்தில் இருக்கும் நார் முழுவதும் செத்துப்போகும். 1850 இல் ஒகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்பை வெட்டிப் பார்த்துச் சொன்னது இது. நரம்புக் கலத்தின் உடல் கையில் இல்லை. தொடுகையை உணரும் நார்களின் கலவுடல் கழுத்துப் பக்கத்தில் முள்ளந்தண்டை ஒட்டிய நரம்புக் கலத் திரட்டுகளில் இருக்கிறது; தசையை அசைக்கும் நார்களுக்கு முண்ணாணுக்குள்; பரிவு நார்களுக்குக் கழுத்தும் நெஞ்சும் சந்திக்கும் இடத்துத் திரட்டுகளில். அங்கிருந்து பிரிந்த துண்டு வாழாது. ஆனால் அது செத்தாலும் அது இருந்த குழாய் சாகாது. உள்ளே நாரைச் சுற்றி இருந்த சுவான் கலங்கள் பெருகி வரிசையாக நிற்கும். கழிவை விழுங்கும் கலங்கள் இரத்தத்திலிருந்து வந்து செத்த நாரைத் துப்புரவாக்கும். துப்புரவாக்கும்போதே ஒரு செய்தியையும் சுரக்கும். அந்தச் செய்தி பட்டதும் நாரரும்பர்களும் சுவான் கலங்களும் ஒரு புரதத்தைக் கூடுதலாகச் செய்யத் தொடங்கும். அதன் பெயர் நரம்பு வளர்ச்சிக் காரணி.

இந்தப் புரதத்தின் கதையே தொடுப்பிழையத்தில்தான் தொடங்குகிறது. 1948 இல் எல்மர் பியூக்கர் என்பவர் எலியின் சார்கோமாக் கட்டி ஒன்றைக் கோழி முளையத்தில் ஒட்டினார். சார்கோமா என்பது தொடுப்பிழைய வகைக் கலங்களிலிருந்து எழும் புற்றுநோய். கோழியின் நரம்புகள் அந்தக் கட்டிக்குள் புகுந்து வளர்ந்தன. இதைக் கேள்விப்பட்டுத் திரும்பச் செய்து பார்த்தவர்கள் ரீட்டா லெவி-மொண்டால்சினியும் விக்டர் ஹம்பேர்கரும். பரிவு நரம்புகள் கட்டிக்குள் மட்டுமல்ல, அக்கம்பக்கத்து உறுப்புகளுக்குள்ளும் இரத்தக் குழாய்களுக்குள்ளும் கூடக் கட்டுக்கடங்காமல் வளர்ந்திருப்பதை ரீட்டா கண்டார். அப்படியென்றால் கட்டியிலிருந்து ஏதோ கரைந்து வந்து நரம்பைக் கூப்பிடுகிறது. 1952 இல் கட்டி வளர்ந்த எலிகளோடு விமானமேறி ரியோ டி ஜெனீரோவுக்குப் போனார். அங்கே கலங்களைக் கண்ணாடியில் வளர்க்கத் தெரிந்த தோழி இருந்தா. நரம்புத் திரட்டொன்றைக் கட்டித் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரே நாளில் திரட்டைச் சுற்றி நார்கள் சூரியக் கதிர் மாதிரி நாலாபக்கமும் விரிந்தன. பிறகு ஸ்டான்லி கோகன் என்ற உயிரிரசாயனவியலாளர் அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தார். இருவருக்கும் 1986 இல் நோபல் பரிசு.

ரீட்டா 1909 இல் இத்தாலியின் டூரின் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1938 இன் இனச்சட்டம் அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியே தள்ளியது. படுக்கையறையில் ஆய்வுகூடம் வைத்தார். குண்டு விழத் தொடங்கியதும் கிராமத்துக்கு இடம்பெயர்ந்து, அங்கேயும் கோழி முட்டைகளை வைத்துக்கொண்டு முளையங்களின் நரம்பைப் பார்த்தார். இதைப் படித்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. 2007 இல் போரால் படுவான்கரை முழுவதும் மூட்டை முடிச்சோடு வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு ஓடியபோது நானும் ஓடினேன். தறப்பாள் கொட்டிலுக்குள் அம்மாவின் சீலைக்குள் சுற்றி வைத்திருந்த உயிரியல் குறிப்புகளைப் படித்துத்தான் உயர்தரம் எழுதினேன். அந்தக் குறிப்பில் நரம்பு வளர்ச்சிக் காரணி இல்லை. இருந்திருந்தால், அதைக் கண்டுபிடித்தவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று அந்தக் கொட்டிலில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால், அது எனக்கு என்னவாக இருந்திருக்கும்! இப்போது ஒவ்வொரு வருடமும் என் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அவர் 2012 இல், 103 வயதில் காலமானார்.

இனி மழமழப்பான தசைக்கு வருகிறேன். அப்பாவின் விரல்களைப் பொறுத்தவரை முடிவான பங்கு அதற்குத்தான்.

ஒரு பரிவு நரம்புக் கலம் பிறந்து வளரும்போது, தான் போய்ச் சேரவேண்டிய இரத்தக் குழாயை ஒட்டியே நீளும். வழியில் குழாயின் தசைக்கலங்கள் ஆர்ட்டெமின் என்ற புரதத்தையும் அதன் பின் வேறு காரணிகளையும் சுரந்து வழிகாட்டும். போய்ச் சேர்ந்ததும் அங்கேயுள்ள தசை சுரக்கும் நரம்பு வளர்ச்சிக் காரணியை நார் நுனியால் உறிஞ்சி, நார் வழியே பின்னோக்கி, கலவுடல் வரைக்கும் கொண்டுபோகும். விரல் நுனியில் எடுத்தது கழுத்தடி வரை போகவேண்டும். அது போய்ச் சேர்ந்தால் கலம் வாழும், போகாவிட்டால் சாகும். முளையத்தில் உருவாகும் நரம்புக் கலங்களில் ஏராளமானவை இப்படிக் கிடைக்காமலே சாகின்றன. எந்த உறுப்பில் இந்தக் காரணி கூட இருக்கிறதோ அந்த உறுப்பில் பரிவு நரம்பும் அடர்த்தியாக இருக்கும் என்பதை 1980 களில் அளந்தே காட்டிவிட்டார்கள். நரம்பு தசையை ஆள்கிறது என்று படிப்பிக்கிறோம். எந்த நரம்பு உயிரோடு இருப்பது, எவ்வளவு கிளைவிடுவது என்பதைத் தீர்மானிப்பதில் அந்தத் தசைக்கும் பெரும் பங்கு உண்டு என்பதையும் சேர்த்துத்தான் படிப்பிக்க வேண்டும்.

இதற்கு வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. என் மாமா, அம்மாவின் தமையன், இரவில் நான்கைந்து தரம் எழும்புவார். புரஸ்டேட் வீங்கி வழியை அடைத்திருக்கிறது. அடைப்பை மீறித் தள்ளித் தள்ளி, சலப்பைச் சுவரின் மழமழப்பான தசை தடித்துப் போகும். அப்படித் தடிக்கும் தசை நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கூடுதலாகச் செய்கிறது, அதனால் சலப்பைக்கு வரும் நரம்புக் கலங்களே பருத்துப் போகின்றன என்று 1991 இல் ஸ்டியர்ஸும் கூட்டாளிகளும் எலிகளில் காட்டினார்கள்; அடைப்புள்ள மனிதரின் சலப்பையிலும் அந்தக் காரணி கூடியிருந்தது. அடிக்கடி முட்டுவது வயதுக் குணமோ பயமோ அல்ல. மாமாவுக்கு இதைச் சொன்னேன். “அப்ப என்ர தலையில பிழையில்ல” என்று மாமியைப் பார்த்துச் சொன்னார்.

கருப்பையில் இது எதிர்ப்பக்கமாக நடக்கிறது. பிள்ளை வயிற்றில் வளர வளரக் கருப்பைத் தசையிலிருந்து பரிவு நரம்பு நார்கள் பின்வாங்கி, கடைசி மாதங்களில் அநேகமாக இல்லாமலே போகும். பிள்ளை பிறந்த பிறகு திரும்ப வளரும். இரண்டு பிள்ளை பெற்றவள் நான். என் வயிற்றுக்குள் இரண்டு தரம் நரம்பு போய் வந்திருக்கிறது.

அப்பாவின் கைக்குத் திரும்புவோம். நார் வளரும் வேகம் நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்; முதல் மாதம் அளவில் வெட்டைத் தாண்டவே போய்விடும். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை தையல்காரியின் அளவுநாடாவால் அளந்தேன்: 18 சென்ரிமீற்றர். டொக்டர் ஒரு வித்தை சொல்லித் தந்தார். மணிக்கட்டிலிருந்து விரல் பக்கமாக மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால், வளர்ந்து வரும் நார் நுனி இருக்கும் இடத்தில் விரலுக்குள் மின்சாரம் மாதிரிச் சுள்ளென்று ஓடும். முதலாம் உலகப் போரில் காயப்பட்ட சிப்பாய்களைப் பார்த்து டினெல், ஹொப்மன் என்ற இரு மருத்துவர்கள் 1915 இல் தனித்தனியாகக் கண்டது.

ஞாயிறு காலையில் இது எங்கள் வீட்டில் ஒரு சடங்காகிவிட்டது. அப்பா கையை மேசையில் நீட்டுவார். நான் தட்டிக்கொண்டு போவேன். “அந்தா!” என்பார். அந்த இடத்தில் நீல பேனையால் ஒரு கோடு. அளந்து, குசினிச் சுவர்க் கலண்டரில் எழுதுவேன். சித்திரை வருடப்பிறப்பன்று 3 சென்ரிமீற்றர். கண்ணகை அம்மன் கோயில் குளிர்த்தி அன்று 7. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்தில் தீர்த்தமாடி வந்து பார்த்தபோது 12. அந்த எண்களை இப்போதும் கலண்டரில் இருந்து கிழிக்காமல் வைத்திருக்கிறேன். வைகாசிக்கும் ஆனிக்கும் நடுவில் மூன்று கிழமை கோடு நகரவேயில்லை. அந்த மூன்று கிழமையும் அம்மா சோறு சரியாகத் தின்னவில்லை.

நகராத அந்த நாட்களில்தான் தொடுப்பிழையத்தின் மறுபக்கத்தைப் படித்தேன். வெட்டின் நடுவே இருக்கும் இடைவெளியை உடம்பு எப்படிக் கடக்கிறது என்பதை லண்டனில் ஒரு குழு 2010 இலும் 2015 இலும் காட்டியது. இடைவெளியில் வந்து நிற்கும் நாரரும்பர்கள் சுவான் கலங்களோடு உரசும்போது ஒரு சைகை போகிறது. அதுவரை தனித்தனியாக அலைந்த சுவான் கலங்கள் கூட்டமாகச் சேர்ந்து நகரத் தொடங்குகின்றன. விழுங்கும் கலங்கள் பிராணவாயு குறைவதை உணர்ந்து புது இரத்தக் குழாய்களை வரவழைக்கின்றன. அந்தக் குழாயின் மேல் ஏறித்தான் சுவான் கலங்கள் மறுகரைக்குப் போகின்றன. நார் அவற்றின் பின்னால் போகிறது. கல்லடியில் பழைய பாலம் மட்டும் இருந்த காலத்தில், எதிர்ப்பக்க வாகனம் வந்து முடியும்வரை இந்தப் பக்கம் காத்து நிற்போமே, அந்த ஒழுங்குதான் இங்கேயும். ஆளாளுக்கு முறை இருக்கிறது. முறை பிசகினால் வழி அடைபடும்.

அடைப்பதும் அதே நாரரும்பர்தான். காயத்தில் அது பாதி தசையாகவே மாறிவிடும். மழமழப்பான தசையிலுள்ள சுருங்கும் இழைகள் அதற்குள்ளும் உண்டாகின்றன என்று காபியானி 1971 இல் காட்டினார். காயத்தின் விளிம்புகளை இழுத்து மூடுவது இந்தக் கலம், நல்ல வேலைதான். நிறுத்தத் தெரியாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் கொலாஜன் கட்டியாகி, நரம்பு நார் முட்டி மோதி, வழி தெரியாமல் சுருண்டு, தொட்டால் துடிக்க வைக்கும் முடிச்சாகிவிடும். அப்பாவின் அறுந்த முனையில் டொக்டர் சீவியெடுத்தது அதன் தொடக்கத்தைத்தான். மூன்றாம் நாளே போயிருந்தால் சீவ அவ்வளவு இருந்திருக்காது.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னபோது ஏறாவூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி எழும்பிக் கேட்டாள்: “அப்ப மிஸ், அந்தக் காரணிய ஊசியாப் போட்டா என்ன?” நல்ல கேள்வி. போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நீரிழிவால் நரம்பு கெட்ட 1,019 பேருக்கு நடந்த பெரிய பரிசோதனையின் முடிவு 2000 இல் வந்தது. எதிர்பார்த்த பலன் இல்லை. ஊசி போட்ட இடமோ வலித்தது, ஏனென்றால் இதே காரணிதான் வலியை உணரும் நார்களையும் கூர்மையாக்குகிறது. கண்ணின் விழிவெண்படலத்தில் நரம்பு செத்துப் புண்ணாகும் நோய்க்கு மட்டும் இந்தக் காரணியைச் சொட்டு மருந்தாக்கி, 2018 இல் அமெரிக்காவிலும் அனுமதித்திருக்கிறார்கள். உடம்பு முழுக்க ஊற்றினால் நரம்புக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியாது. இடத்திலிருந்து, அளவோடு, தசையும் தொடுப்பிழையமும் தாமே சுரப்பதில்தான் அதன் பலன்.

அவளுக்கு மாந்தீவைப் பற்றியும் சொன்னேன். வாவிக்கு நடுவில் அந்தத் தீவில் தொழுநோய் வைத்தியசாலை இருந்தது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சின்ன வயதில் தோணியில் போகும்போது அம்மம்மா அந்தப் பக்கம் பார்க்க விடமாட்டா. தொழுநோய்க் கிருமி நரம்பு நாரை நேரே தின்பதில்லை; நாரைச் சுற்றி நிற்கும் சுவான் கலத்துக்குள் குடிபுகுகிறது. சுற்றி நிற்பவன் கெட, நாரும் கெடுகிறது. விரல் உணர்விழந்து, சூடு தெரியாமல் சுட்டு, காயம் தெரியாமல் தேய்கிறது. அந்தத் தீவில் இருந்தவர்களின் கையும் அப்பாவின் கையும் ஒரே காரணத்தால்தான் சுள்ளென்ற அடுப்புச் சட்டியைத் தெரியாமல் தூக்கின. அம்மம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பேன், அந்தப் பக்கம் பார்க்கலாம் என்று.

புரட்டாதி முடியும்போது பெருவிரலின் அடி முதல் தரம் சுருங்கியது. இரண்டு வரிகள்தான், மெல்லியவை. அப்பா எதுவும் சொல்லாமல் கையை என் பக்கம் நீட்டினார். அந்த இரண்டு வரிக்குள் என்னென்ன நடந்திருக்கிறது என்று நினைத்தேன். கழுத்தடியில் ஒரு கலம் சாகாமல் காத்திருந்து, உறைக்குள்ளால் நீண்டு, ஒரு குழாயின் தசையைத் தொட்டு, அந்தத் தசை தந்ததைக் குடித்து, திரும்ப அதை இறுக்கப் பழகியிருக்கிறது. வாய்விட்டு அழுதேன். அம்மா குசினிக்குள்ளிருந்து ஓடி வந்தா.

இந்தத் தை மாதத்தோடு ஒரு வருடம். அப்பாவுக்கு வயது 59. இருபது வயதுப் பையனுக்கு வருவது போல முழுவதும் வராது என்று டொக்டர் முதலே சொல்லியிருந்தார். இப்போது பெருவிரலும் சுட்டுவிரலும் வலைக்கயிற்றைப் பிடித்தது தெரிகிறது என்கிறார். இருட்டில் ஈயக்குண்டையும் சிப்பியையும் இன்னும் பிரித்தறிய முடியவில்லை. நடுவிரல் ஒன்றைத் தொட மோதிரவிரல் தொட்டதாகச் சொல்கிறது. நார்கள் எல்லாம் பழைய குழாய்க்குள்ளேயே திரும்பப் புகுந்துவிடுவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு அரிசி, உழுந்து, பயறு என்று தொட்டுப் பிரிக்கும் பயிற்சியை தினமும் செய்கிறார். பேத்தி எதிரில் இருந்து பிழை பிடிக்கிறாள்.

நேற்று இரவு ஆற்றால் வந்தவரின் கையை வழக்கம்போல வாங்கிப் பார்த்தேன். நடுவிரல் நுனி இன்னும் வழுவழுப்புத்தான். மோதிரவிரலில் அந்தக் கோட்டைத் தேடினேன். டோர்ச் அடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பாதியும் ஒரே மாதிரிச் சுருங்கியிருந்தன. எல்லை எங்கே இருந்ததென்று காட்ட எனக்குத் தெரியவில்லை.

“பாத்து முடிஞ்சா கைய விடு புள்ள” என்றார் அப்பா. “இறால் கெட்டுப் போகும்.”